சாண வாயுச் சுடர்: கடன் வாங்குமுன் செய்து பார்க்கத்தக்க ஒரு சிறு சோதனை

கிராமங்களில் மாட்டுச் சாணத்தை வரட்டி தட்டி அடுப்பில் இட்டு எரிக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருவது யாவரும் அறிந்ததே. விறகு கிடைப்பதற்கு அரிய இடங்களில் இவ்வழக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், வரட்டியாக எரிந்த சாணம் ஒரு தரமே பயன்படுகிறது. அதிலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது. நிலத்துக்குச் சேருவது சாம்பல் மாத்திரமே. அப்புகை அடுப்பண்டை உட்காரும் ஸ்திரீகளின் கண்ணையும் மார்பையும் வருத்துகிறது. மேலும், வரட்டி அடுப்பில் எழும் உஷ்ணத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சேர்கிறது, மிச்சம் வீண்.

அதே சாணத்தைக் காற்றுப் புகாமல் ஒரு கலத்தில் அடைத்துவைத்தால், எரியத்தக்க வாயு ஒன்று அதினின்றும் வெளிப்படும். வாயுவை அடுப்புக்குக் கொள்ளலாம். மிஞ்சும் குழம்பில் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் இருப்பதால், அதனை வயலுக்குக் கொள்ளலாம். இவ்வாறு ஒரே பொருள் தீயும் தருகிறது, எருவும் தருகிறது.

இந்த லாபத்தைக் கேள்விப்பட்டவுடன் கடன் பெற்றுப் பெரிய வாயுக் கலம் கட்டிவிடலாம் என்று சில அங்கத்தினர்கள் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் நல்லதே. ஆனால், கட்டிய கலங்களில் பல சில வருஷங்களில் வெறுந்தொட்டியாகக் கிடந்ததும் உண்டு. மாட்டின் எண்ணிக்கைக்கு மிஞ்சிய அளவில் கட்டியது, நாள்தோறும் கரைசல் இடாமல் விட்டது, துருப்பிடித்த பீப்பாயைப் பழுதுபார்க்காதது ஆகியவையே பெரும்பாலும் அதன் காரணங்கள். கலம் நின்றாலும் கடன் நிற்பதில்லை. தவணை வந்துகொண்டே இருக்கும். ஆகவே, கடன் விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னர், வீட்டிலும் ஊரிலும் கழித்துவிடப்பட்ட பொருள்களைக் கொண்டு ஒரு சிறு கலமும் ஒரு சுடர்க்குழலும் செய்து, இரண்டு மாத காலம் நடத்திப் பார்த்தல் நலம். அதனைச் செய்யும் முறையே இப்பாடத்தில் கூறப்படுகிறது.

1. வாயு உண்டாகும் விதம்

குளத்துச் சேற்றைக் கோலால் கிளறினால் குமிழிகள் எழுவதைக் கண்டிருக்கலாம். 1776ஆம் வருஷத்தில் இத்தாலி தேசத்து அலெசாண்ட்ரோ வோல்டா என்னும் விஞ்ஞானி, மாஜியோரே ஏரியின் சேற்றிலிருந்து அத்தகைய குமிழிகளைச் சேகரித்து, அவை எரியும் தன்மையன என்று கண்டார். சதுப்பு வாயு என்று பெயர்பெற்ற அதற்கு மீத்தேன் என்பது ரசாயனப் பெயர். சாணத்திலிருந்து கிடைக்கும் வாயுவில் மீத்தேன் நூற்றுக்கு 55 முதல் 65 பங்கு இருக்கும். மிச்சம் பெரும்பாலும் கரியமில வாயு, அது எரியாது. அழுகிய முட்டை போல் நாறும் கந்தக வாயுவும் சிறிதளவு கலந்திருக்கும்.

இவ்வாயுவை உண்டாக்குபவை கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள். அவற்றிற்கு மூன்று விஷயங்கள் வேண்டும். முதலாவது, காற்றுப் படாமை. இரண்டாவது, இளஞ்சூடு, 30 முதல் 35 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள உஷ்ணம் அவற்றிற்கு மிக உகந்தது. நமது சமவெளிகளில் வருஷத்தின் பெரும்பகுதி இது இயற்கையாகவே அமைந்துள்ளது. மார்கழி, தை மாதங்களில் மாத்திரம் வாயு குறையும். மூன்றாவது, ஒழுங்கான ஆகாரம். ஒரே நாளில் மிகுதியாக இட்டுப் பின்பு பல நாள் இடாமல் விட்டால், கலம் புளித்துப்போய் வாயு நின்றுவிடும்.

இம்முறை நம் தேசத்துக்குப் புதியதன்று. பம்பாய் மாதுங்காவிலுள்ள குஷ்டரோகிகள் விடுதியில் 1897ஆம் வருஷத்திலேயே கழிவிலிருந்து பெற்ற வாயுவால் விளக்கெரித்தனர். 1930களின் பிற்பகுதியில் டில்லி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். வி. தேசாய் என்பவர் மாட்டுச் சாணத்தைக் கொண்டு பரிசோதனைகள் நடத்தினார். 1950களில் ஜஷ்பாய் படேல் என்பவர் மிதக்கும் பீப்பாய் அமைந்த கலத்தை வகுத்து, அதற்குக் கிராமலக்ஷ்மி என்று பெயரிட்டார். 1960களின் தொடக்கத்தில் கதர் கிராமத் தொழில் கமிஷன் அவ்வமைப்பை ஏற்று நாடெங்கும் பரப்பிற்று. கீழே கூறப்படும் சிறு கலம் அதே அமைப்பின் குழந்தை எனலாம்.

2. வேண்டிய பொருள்கள்

200 லிட்டர் கொள்ளும் பழைய பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று. அதற்குள் கவிழ்ந்து ஏறி இறங்கத்தக்கதும், ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் குறுக்களவு உள்ளதுமான சிறிய பீப்பாய் ஒன்று. இரண்டங்குலக் குழாய்த் துண்டும் அதனைப் பீப்பாயில் பொருத்தும் சாமான்களும். கொத்தனார் மட்டம் பார்க்கும் நெகிழிக் குழாய் ஐந்து மீட்டர். கடையில் பால் வால்வு என்று விற்கும் திருகு ஒன்று. மூடியுள்ள பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று. செங்கல் ஏழு. சுடர்க்குழலுக்குப் பழைய நாற்காலி அல்லது கட்டிலின் அரை அங்குல இரும்புக் குழாய் ஒரு சாண், கழித்துவிட்ட வாயு அடுப்பின் பித்தளை மூக்கு ஒன்று, எவர்சில்வர் குங்குமச் சிமிழ் ஒன்று, தேநீர் வடிகட்டியின் கம்பிவலை.

பீப்பாயைத் தேர்ந்தெடுப்பதில் ஜாக்கிரதை வேண்டும். பூச்சிமருந்து, பெட்ரோல், வர்ணம் முதலியவை இருந்த பீப்பாயை எவ்வளவு கழுவினும் எடுக்கலாகாது. மருந்து நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். பெட்ரோல் இருந்த இரும்புப் பீப்பாயை உளியால் வெட்டும்போது பொறி பறந்து, உள்ளே தங்கிய ஆவி வெடித்து உயிர்ச்சேதம் விளையக்கூடும். துத்தநாகம் பூசிய குழாயைச் சுடர்க்குழலுக்குக் கொள்ளலாகாது. அது சூடேறினால் எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

3. தொட்டியும் கவிழ்பீப்பாயும்

பெரிய பீப்பாயின் மேல்மூடியை முற்றும் அறுத்து எடுத்துவிட்டால் அது தொட்டியாகிறது. தொட்டியின் அடியோரத்தில் ஒரு துவாரமிட்டு இரண்டங்குலக் குழாயைப் பொருத்தி, வெளிப்புறமாக மேல்நோக்கித் திருப்பி, தொட்டியின் விளிம்புக்கு மேல் ஒரு சாண் உயரம் நிற்கும்படி செய்க. இதுவே கரைசல் இடும் வழி. எதிர்ப்புறத்தில், அடியிலிருந்து 72 சென்டிமீட்டர் உயரத்தில் மற்றொரு துவாரமிட்டுச் சிறு குழாய்த் துண்டு வைத்தால், பயன்பட்ட குழம்பு அதன் வழியே வெளியேறும். அதன் கீழ் ஒரு வாளி வைக்க வேண்டும்.

சிறிய பீப்பாயின் வாய்ப்புறத்தை அறுத்து, 60 சென்டிமீட்டர் நீளமுள்ளதாக்குக. அறுத்த பக்கம் கீழாகவும் அடிப்பக்கம் மேலாகவும் கவிழ்க்கப்படுவதால் இதனைக் கவிழ்பீப்பாய் என்போம். மேலே நடுவில் சிறு துவாரமிட்டு, வாயு செல்லும் முனையைப் பொருத்தித் திருகை அமைத்திட வேண்டும். தொட்டியின் அடியில் மூன்று செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தினால், கவிழ்பீப்பாய் அவற்றின்மேல் வந்து நிற்கும். கரைசல் வரும் வழி அடைபடாது. தொட்டிக்கு இருபுறமும் மூங்கில் நட்டு, கவிழ்பீப்பாய் சாயாதபடி காப்புச் செய்வது நல்லது.

இவ்வமைப்பின் சிறப்பு யாதெனின், வாயு சேரச் சேரக் கவிழ்பீப்பாய் மேலே எழும். செலவழியச் செலவழியக் கீழே இறங்கும். எவ்வளவு வாயு உள்ளதென்பதைக் குழந்தையும் பார்த்துச் சொல்லலாம். அளவுக்கு மிஞ்சினால் வாயு விளிம்பின் கீழாகக் குமிழியிட்டு வெளியேறிவிடும். கலம் வெடிக்கும்படியான அழுத்தம் ஏறுவதில்லை. மூடிய தகர டப்பாவிலோ கண்ணாடி ஜாடியிலோ வாயுவை அடைத்து வைப்பதற்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுவே. பிந்தைய முறையை ஒருபோதும் கைக்கொள்ளலாகாது.

சுடர் நன்கு எரிய வாயுவுக்குச் சிறிது அழுத்தம் வேண்டும். 50 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கவிழ்பீப்பாயில், ஒவ்வொரு 2 கிலோ பாரத்துக்கும் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நீருயர அழுத்தம் உண்டாகும். பீப்பாயின் எடையோடு நான்கு செங்கற்களைச் சமமாகப் பரப்பிக் கட்டினால், 8 சென்டிமீட்டர் அளவில் கிடைக்கும். அது போதுமானது.

4. சுடர்க்குழல்

பித்தளை மூக்கின் துவாரத்தை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத் துளையிட்டுப் பெரிதாக்குக. கடைகளில் விற்கும் சமையல் வாயுவுக்கென்று செய்த துவாரம் சாண வாயுவுக்குச் சிறிது. சாண வாயுவில் எரியாத பங்கு கலந்திருப்பதால் மிகுதியான வாயு செல்ல வேண்டும். இம்மூக்கை இரும்புக் குழாயின் அடியில் இறுகப் பொருத்துக. மூக்கின் நுனிக்கு நேராகக் குழாயைச் சுற்றி நான்கு துவாரங்கள், ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் அளவில் இடுக. வாயு பாயும் வேகத்தில் இவற்றின் வழியே காற்று உள்ளே இழுக்கப்படும். துவாரங்களை மூடவும் திறக்கவும் ஒரு தகரப் பட்டையைக் குழாயைச் சுற்றி வளைத்துக்கொள்ள வேண்டும்.

குங்குமச் சிமிழின் அடியைத் துளைத்துக் குழாயின் மேல்முனையில் செருகி முடுக்கிய பின், அதன் வாயில் வடிகட்டியின் கம்பிவலையை இரண்டு மடிப்பாக வைத்து இரும்புக் கம்பியால் கட்டுக. இவ்வலை அலங்காரத்துக்கன்று. நெருங்கிய கம்பிவலை தீயின் உஷ்ணத்தை உறிஞ்சிக்கொள்வதால், ஒரு புறத்துத் தீ மறுபுறம் தாண்டுவதில்லை. இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி என்பவர் 1815ஆம் வருஷத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்காகச் செய்த காப்பு விளக்கு இவ்வுண்மையையே ஆதாரமாகக் கொண்டது. வலை செந்நிறமாகக் காய்ந்துவிட்டால் இக்காப்புக் குறையும். உடனே காற்றுத் துவாரத்தைக் குறைத்திட வேண்டும்.

இரண்டாவது காப்பு நீர்ப் பூட்டு. பிளாஸ்டிக் பாட்டிலில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, மூடியில் இரண்டு குழாய்களைப் பொருத்துக. கலத்திலிருந்து வரும் குழாயின் நுனி தண்ணீருக்குள் 2 சென்டிமீட்டர் ஆழம் மூழ்கியிருக்க வேண்டும். சுடர்க்குழலுக்குச் செல்லும் குழாயின் நுனி தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். தீ பின்னோக்கி வந்தாலும் தண்ணீரைக் கடந்து கலத்துக்குச் செல்லாது. இதற்குக் கண்ணாடிப் பாட்டில் ஆகாது. அது உடைந்தால் சில்லுகள் பறக்கும். துருப்பிடித்த இரும்புச் சுருளைக் குழாயின் வழியில் ஒரு சிறு டப்பாவில் வைத்தால் கந்தக வாயுவின் நாற்றம் குறையும்.

5. கரைசல் இடுதல்

புதிய சாணம் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு என்ற அளவில் கலந்து, வைக்கோல், கல், மண் முதலியவற்றை நீக்கிவிட வேண்டும். தொட்டி நிறைய ஏறக்குறைய 90 கிலோ சாணமும் 90 லிட்டர் தண்ணீரும் பிடிக்கும். நடந்துகொண்டிருக்கும் வேறொரு வாயுக் கலத்தின் குழம்பில் ஒரு வாளி கொண்டுவந்து சேர்த்தால், பாலுக்கு உறை குத்தியது போல வேலை விரைவில் தொடங்கும். சோப்பு நீர், உப்பு நீர், மாட்டுத் தொழுவத்தில் தெளித்த மருந்து நீர் ஆகியவை கலக்கக் கூடாது. நோய்க்கு மருந்து கொடுக்கப்பட்ட மாட்டின் சாணத்தையும் சில நாள்கள் விலக்குவதே உத்தமம்.

தொட்டி நிறைந்தபின், திருகைத் திறந்து வைத்துக்கொண்டு கவிழ்பீப்பாயை மெதுவாக அமிழ்த்துக. உள்ளிருக்கும் காற்று வெளியேறிப் பீப்பாய் செங்கற்களின்மேல் அமர்ந்ததும் திருகை மூடிவிடுக. பொருத்துகள் யாவற்றிலும் சோப்பு நுரை தடவி, குமிழி எழுகிறதா என்று பீப்பாய் எழத் தொடங்கிய நாள் முதல் பார்த்துவர வேண்டும். ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் வாயு சேரத் தொடங்கும்.

முதல் வாயு நன்றாக எரியும்வரை புதுக் கரைசல் இட வேண்டுவதில்லை. அதன்பின் நாள்தோறும், கூடுமானவரை ஒரே வேளையில், 2 கிலோ சாணமும் 2 லிட்டர் தண்ணீரும் கலந்து இடுக. அவ்வளவே குழம்பு மறுபுறம் வெளியேறும். இவ்வளவில் இட்டால் சாணம் கலத்துக்குள் ஏறக்குறைய 45 நாள் தங்கும். அது போதிய காலம்.

6. வாயுவைச் சோதித்தல்

முதல் இரண்டு தரம் நிறையும் வாயுவைத் தீயில்லாத வெட்டவெளியில் விட்டுவிட வேண்டும். அதில் காற்றும் கரியமில வாயுவும் மிகுந்திருக்கும். காற்றில் மீத்தேன் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருக்கும் நிலையே வெடிக்கும் நிலை. எனவே, கலத்துக்குள் காற்று இருக்கும்போது சுடர் ஏற்றுவது வெடியைக் கொளுத்துவதற்கு ஒப்பாகும்.

மூன்றாம் தரம் நிறைந்ததைச் சோதிக்கும் முறை வருமாறு. ஒரு தகர மூடியில் சோப்பு நீர் ஊற்றி, வாயுக் குழாயின் நுனியை அதில் அமிழ்த்திச் சில குமிழிகளை உண்டாக்குக. பின்பு திருகை மூடிக் குழாயை அகற்றிவிட்டு, அம்மூடியைக் கலத்திலிருந்து பத்தடி தூரம் கொண்டுசென்று, நீண்ட குச்சியின் நுனியிலுள்ள தீயால் குமிழியைத் தொடுக. மூன்று விடைகளில் ஒன்று கிடைக்கும்.

தீ அணைந்துவிட்டால், கரியமில வாயு மிகுந்துள்ளது என்று பொருள். இன்னும் சில நாள் பொறுத்திட வேண்டும். பட்டென்று ஓசையுடன் வெடித்தால், காற்றுக் கலந்துள்ளது. முழுவதையும் வெளியே விட்டுக் கசிவைத் தேடிட வேண்டும். ஓசையின்றி மெல்லிய சுவாலையாக எரிந்தால், வாயு தகுதியானது. இந்த மூன்றாவது விடை கிடைக்காமல் சுடர்க்குழலை இணைத்தலாகாது. கலத்தின் முனையிலேயே நெருப்புக் குச்சியைக் காட்டிப் பார்ப்பது எப்போதும் விலக்கத்தக்கது.

7. சுடர் ஏற்றுதல்

காற்றுத் துவாரங்களை மூடி, எரியும் குச்சியை முதலில் சுடர்க்குழலின் வாயில் பிடித்து, அதன் பின்னரே திருகை மெதுவாகத் திறந்திடுக. திருகைத் திறந்துவிட்டுக் குச்சியைத் தேடுதல் தவறு. முதலில் சுடர் நீண்டு மஞ்சள் நிறமாக அசையும். காற்றுத் துவாரத்தைச் சிறிது சிறிதாகத் திறந்தால் மஞ்சள் மறைந்து, நீல நிறமாய், குறுகி, உறுதியாய் நிற்கும். இந்நீலச் சுடர் பாத்திரத்தில் கரிபிடிக்காது, புகையும் இராது. சுடர் வலையை விட்டுத் துள்ளி எழுந்தால் காற்று மிகுதி. குழலுக்குள்ளே சீறும் ஓசை கேட்டால் தீ மூக்குக்கு இறங்கிவிட்டது. உடனே திருகை மூடி, குழல் ஆறியபின் மறுபடி ஏற்றிடுக.

கவிழ்பீப்பாய் செங்கற்களின்மேல் அமர்வதற்கு மூன்று விரற்கடை இருக்கும்போதே சுடரை நிறுத்திட வேண்டும். பீப்பாய் அமர்ந்துவிட்டால் அழுத்தம் போய்விடும். அப்போதுதான் தீ பின்னோக்கத் தேடும்.

இச்சுடரில் பால் காய்ச்சலாம். ஒரு நாளைய வாயுவால் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். கசியும் தகரப் பாத்திரத்துக்கு ஈயப்பற்று வைக்கவும் உதவும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகுவது. ஆனால் காரீயம் கலந்த பற்றைச் சமையல் பாத்திரத்தில் வைத்தலாகாது. அது உணவில் கலந்து, முக்கியமாகக் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும்.

8. மறக்கலாகாத எச்சரிக்கைகள்

கலமும் சுடரும் வெட்டவெளியிலேயே இருக்க வேண்டும். சோதனைக் கலத்தின் வாயுவை வீட்டுக்குள் கொண்டுசெல்லலாகாது. கலத்தருகே பீடி, சிகரெட், விளக்கு ஆகியவை கூடா. குழந்தைகள் தனியே நெருங்கலாகாது. மிதிவண்டி டியூப், பலூன், பிளாஸ்டிக் பை முதலியவற்றில் வாயுவை அடைத்து எடுத்துச்செல்வது பெரும் அபாயம். கலத்தை வெட்டவோ ஒட்டவோ வேண்டுமானால், முழுவதும் காலி செய்து, கழுவி, ஒரு நாள் வெயிலில் திறந்து போட்டபின்பே செய்திட வேண்டும்.

பெரிய கலங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பழுதுபார்ப்பதற்காகக் குழிக்குள் இறங்கியவர் மூச்சடைத்து விழுவதும், அவரைத் தூக்க இறங்கியவரும் உடன் மடிவதும் நேர்ந்திருக்கின்றன. எக்காரணம் கொண்டும் பயிற்சியும் காப்புச் சாதனமும் இன்றி எவரும் குழிக்குள் இறங்கலாகாது.

9. கணக்கு

சுடர் எரிந்ததோடு சோதனை முடியவில்லை. அது அப்போதுதான் தொடங்குகிறது. சங்கத்தின் சிட்டையைப் போலவே இதற்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துத் தேதி, இட்ட சாணத்தின் எடை, கவிழ்பீப்பாய் எழுந்த உயரம், சுடர் எரிந்த நிமிஷம் என்று நான்கு கட்டங்கள் போட்டுக்கொள்ள வேண்டும். கவிழ்பீப்பாயில் சென்டிமீட்டர் கோடுகள் இட்டிருந்தால், ஒரு சென்டிமீட்டர் எழுந்தால் ஏறக்குறைய 2 லிட்டர் வாயு என்று கணக்கிடலாம்.

ஒரு கிலோ சாணத்துக்கு ஏறக்குறைய 40 லிட்டர் வாயு கிடைக்கும். 2 கிலோவுக்கு 80 லிட்டர் ஆகிறது. ஆனால் இச்சிறு கலத்தில், தொட்டிக்கும் கவிழ்பீப்பாய்க்கும் இடையிலுள்ள இடைவெளி வழியே ஒரு பங்கு போய்விடும். ஆகவே 60 லிட்டர், அதாவது 30 சென்டிமீட்டர் எழுச்சி, நல்ல பலன் எனலாம். அது ஏறக்குறைய 25 நிமிஷம் எரியும். இதற்கு மிகக் குறைந்தால் கசிவு, குளிர், கரைசல் தவறு இம்மூன்றில் ஒன்று காரணம்.

இதிலிருந்து பெரிய கலத்தின் கணக்கு எளிதாகும். ஒரு கன மீட்டர் வாயுவுக்கு நாள்தோறும் 25 கிலோ சாணம் வேண்டும். ஒரு கன மீட்டர் வாயு, அடுப்பில் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ விறகின் வேலையைச் செய்யும். நான்கைந்து பேர் உள்ள குடும்பத்தின் சமையலுக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கன மீட்டர் வரை தேவைப்படும். கட்டுத்தறியில் நிற்கும் வளர்ந்த மாடு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் தரும். பகலெல்லாம் மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் சாணத்தில் இரவில் விழும் பங்கே கைக்குக் கிடைக்கும். ஆகவே, மாடுகளை எண்ணிக் கலத்தின் அளவைத் தீர்மானிப்பது பிழை. தொழுவத்தில் சேரும் சாணத்தை நிறுத்துத் தீர்மானிப்பதே சரி.

உதாரணமாக, இரண்டு அங்கத்தினர்களுக்கு மும்மூன்று மாடுகள் உண்டென்று கொள்வோம். ஒருவர் மாடுகள் தொழுவத்திலேயே தீனி தின்பவை. அவருக்கு நாள்தோறும் 30 கிலோ சேரும். மற்றவர் மாடுகள் மேய்ச்சலுக்குப் போவன. அவருக்கு 12 கிலோவே சேரும். முன்னவர் ஒரு கன மீட்டர்க் கலத்துக்குக் கடன் பெறலாம். பின்னவர் அதே கடனைப் பெற்றால், அரைச் சமையலுக்கும் வாயு போதாது; விறகுச் செலவும் குறையாது, தவணையும் தீராது. மாடுகள் சமமாயினும் கடன் தாங்கும் சக்தி சமமன்று.

10. சங்கம் செய்யத்தக்கது

இச்சோதனைக் கலத்தை ஒவ்வோர் அங்கத்தினரும் தனித்தனியே செய்ய வேண்டும் என்பதில்லை. சங்கத்தின் முற்றத்திலோ பால் சேகரிக்கும் இடத்திலோ ஒரு கலம் அமைத்து, ஐந்து குடும்பத்தார் முறைவைத்து, வாரத்துக்கு ஒருவராகச் சாணம் இட்டு நடத்தலாம். யார் முறையில் கரைசல் தவறியது, யார் முறையில் தவறாமல் நடந்தது என்பதை நோட்டுப் புத்தகமே சொல்லும். வெளிவரும் குழம்பை ஒரு பாத்தியிலிட்டு, இடாத பாத்தியோடு ஒப்பிட்டுப் பயிரையும் பார்க்கலாம்.

வீட்டில் நாள்தோறும் கரைசல் கலக்கப்போகிறவர் பெரும்பாலும் ஸ்திரீகளே ஆதலால், சோதனையிலும் தீர்மானத்திலும் அவர்கள் கலந்துகொள்ளுதல் அவசியம். கலத்துக்கு வேண்டிய தண்ணீரைத் தூரத்திலிருந்து சுமக்க வேண்டுமானால், விறகுச் சுமை போய்த் தண்ணீர்ச் சுமை வந்தது என்றே முடியும். இதனை ஆண்கள் மாத்திரம் கூடி அறிதல் அரிது.

இரண்டு மாத முடிவில், நாள்தோறும் கரைசல் இடப்பட்டதா, சாணம் நிறுத்துப் பார்க்கப்பட்டதா, தண்ணீர் அருகில் உண்டா, குழம்பை ஏற்க நிலம் உண்டா என்ற நான்கு கேள்விகளுக்கும் ஆம் என்று விடை கூறத்தக்க குடும்பத்துக்கே பெரிய கலத்துக்கான கடனைச் சங்கம் சிபாரிசு செய்தல் தகும். மற்றவருக்குக் கடன் மறுக்கப்பட்டதாகாது, நஷ்டம் தவிர்க்கப்பட்டதாகும்.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

(1) சாணத்தை வரட்டியாக எரிப்பதனால் நிலம் இழப்பது யாது?

(2) மூடிய டப்பாவைவிடக் கவிழ்பீப்பாய் ஏன் அபாயமற்றது?

(3) சோப்புக் குமிழிச் சோதனையில் கிடைக்கும் மூன்று விடைகள் யாவை? ஒவ்வொன்றின்பின்னும் செய்ய வேண்டியது யாது?

(4) நம் ஊரில் எத்தனை வீட்டுத் தொழுவங்களில் நாள்தோறும் 25 கிலோ சாணம் சேர்கிறது? அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு வாரம் நிறுத்துப் பார்த்து எழுதிவருக.